எங்க சொடலைக்கு மூஞ்சி எதுக்கு?

திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டை ஒட்டுன ஊரு எங்களுது. எங்க வாயில சொடலைன்னு வர்ற சுடலைமாடன் கோயிலைப் பாக்கணும்னு வர்ற வெளியூர்க்காரங்க மொதல்ல தேடுறது சிலையைத்தான். இருக்காது. ரெண்டு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை, அதுக்கு அடியில வரிசையா பூடம், அவ்ளோதான் கோயில். பூடம்னா செங்கலும் சுண்ணாம்பும் வச்சு கட்டுன ஒரு குட்டித் தூணு, அடியில சதுரமா அகலமா ஆரம்பிச்சு மேல போகப் போக குறுகி நெஞ்சு உயரத்துல மொட்டையா முடிஞ்சிரும். வெள்ளையடிச்சு நடுவுல காவிப்பட்டை. கண்ணு கிடையாது, மீசை கிடையாது, கையும் காலும் கிடையாது. பெருசா இருக்கிறது சொடலை, இந்தப் பக்கம் பேச்சி, அந்தப் பக்கம் பிரம்மசக்தி, கொஞ்சம் தள்ளி முண்டன், வேலியோரம் தனியா கருப்பசாமி. பாக்கிறவனுக்கு எல்லாம் ஒண்ணு போலதான் தெரியும், எங்க வீட்டு அஞ்சு வயசுப் பிள்ளையக் கேட்டா கரெக்டா எது யாருன்னு கை காட்டும்.

இது இன்னைக்கு நேத்து உள்ளது இல்ல. இடையன்குடியில இருந்த கால்டுவெல் பாதிரியார் 1849-ல எங்க சீமையைப் பத்தி எழுதி அச்சுப் போட்டாரு, அதுல இதே பூடம் வருது. மண்ணைக் கூம்பா குவிச்சு சுண்ணாம்பும் காவியும் கோடு போட்டா அதுதான் இவங்களுக்கு கோயில், அதுதான் சாமி, ரெண்டும் ஒண்ணேதான்னு சொல்லியிருப்பாரு. மனுசன் எழுதினது பூரா ஏளனம்தான், எல்லாத்தையும் பேய் கும்பிடுன்னு ஒரே கூடையில போட்டுட்டாரு, அவர் யாரைப் பத்தி எழுதினாரோ அந்த ஜனங்களே பின்னாடி அந்த எழுத்தை எதிர்த்து சண்டை போட்டாங்க, அது தனிக்கதை. ஆனா கோயிலும் சாமியும் ஒண்ணுன்னு பாத்தாரு பாருங்க, அந்த ஒரு விஷயத்துல அவர் கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு.

சொடலை பொறந்த கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். பார்வதி புள்ளை வரம் கேக்குறா, கைலாயத்துல எரியுற தூண்டாமணி விளக்குல இருந்து ஒரு சுடர் தெறிச்சு அவ முந்தானையில விழுது, பாத்தா அது கையும் காலும் முகமும் இல்லாத வெறும் முண்டம். அழுதுக்கிட்டு சிவன்கிட்ட போறா, அவரு உயிர் கொடுத்து உருவத்தைக் கொடுக்காரு. புள்ளை ராத்திரியோட ராத்திரியா எந்திச்சுப் போய் சுடுகாட்டுல எரியுற பொணத்தைத் தின்னுட்டு வந்து ஒண்ணுமே தெரியாத மாதிரி படுத்துக்குது, நாத்தம் காட்டிக்கொடுத்திருது, பொணம் தின்ன புள்ளைக்கு கைலாயத்துல இடமில்லன்னு பூமிக்கு அனுப்பிடுறாங்க. எங்க ஊர்ல வில்லுப்பாட்டுல பாடுறது ஏறக்குறைய இப்படித்தான், ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும். உருவம் இல்லாம பொறந்த சாமிக்கு உருவம் இல்லாத பூடம்னு யாரும் ஒக்காந்து யோசிச்சு கட்டினாங்களான்னு கேட்டா அப்படி இருக்காது, ஆனா ரெண்டும் பொருந்தித்தான் போகுது.

மூஞ்சியே வராதான்னா வரும். வருஷத்துக்கு ஒரு தடவை கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு வரும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல ரெண்டு பேரு ஒக்காந்து சந்தனத்தைக் கெட்டியா கொழைச்சு பூடத்துல அப்ப ஆரம்பிப்பாங்க, மூக்கைப் பிடிச்சு எடுத்து, வெள்ளிக் கண்ணை ரெண்டு பக்கமும் பதிச்சு, மீசையை மையால வரைஞ்சு, மேல பிச்சிப்பூவும் அரளியும் அடுக்கடுக்கா சாத்துனா பொழுது அடையும்போது நேத்து வரைக்கும் வெறும் சுண்ணாம்புத் தூணா இருந்தது ஒரு ஆளைப் பாக்குற மாதிரி நம்மளைப் பாக்கும். ஆனா அந்த மூஞ்சிக்கு ஆயுசு கம்மி. கியாஸ்லைட்டு போய் இப்போ எல்லாம் ஃபோகஸ் லைட்டு, அந்த சூட்டுலயும் தீப்பந்தத்து அனல்லயும் ராத்திரி சாமக்கொடை நேரத்துக்கெல்லாம் சந்தனம் காஞ்சு கன்னத்துல கோடு கோடா வெடிச்சு உதிர ஆரம்பிச்சிரும். யாரும் அதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. ஏன்னா அந்த நேரத்துல யாருமே பூடத்தைப் பாக்கிறது இல்ல, எல்லாக் கண்ணும் எங்க பெரியப்பா மேலதான் இருக்கும்.

பெரியப்பாதான் கோமரத்தாடி, அதாவது சாமி வந்து ஆடுறவரு. மத்த நாள்ல டவுன்ல ஒரு கடையில கணக்கு எழுதுற மனுசன், சுகர் இருக்கு, முட்டி வலி இருக்கு, மாடிப்படி ஏற ரெண்டு தடவை நிப்பாரு. கொடைக்கு கால் நாட்டுனதுல இருந்து விரதம், வெளிய பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு. கொடையன்னைக்கு சல்லடம், கச்சை, தலையில குல்லா, கையில வல்லயம்ங்கிற ஈட்டி. வில்லுப்பாட்டுல கதை நடந்துக்கிட்டு இருக்கும், பாட்டை நடத்துற அண்ணாவி வீசுகோலைத் தட்டித் தட்டி அந்த சுடர் தெறிக்கிற இடத்துக்கு கொண்டு வந்துட்டாருன்னா பக்கத்துல நையாண்டி மேளம் ரெடியா நிக்கும், குடம் அடிக்கிறவரு வேகத்தைக் கூட்டுவாரு, உடுக்கை கிடுகிடுன்னு ஏறும். பெரியப்பா சும்மா ஒக்காந்திருப்பாரு, மொதல்ல கால் பெருவிரல்தான் ஆடும். நான் சின்னப் பையனா இருக்கும்போதுல இருந்து அந்த விரலைத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் தொடை, அப்புறம் தோளு, அப்புறம் ஒரு சத்தம் போட்டு எந்திப்பாரு பாருங்க, முட்டி வலிக்காரன் எங்க போனான்னே தெரியாது. வில்லு நின்னுரும், மேளம் அடியைத் தூக்கிக்கும்.

அதுக்கப்புறம் அவரை யாரும் பெரியப்பான்னு கூப்பிட மாட்டோம். பெரியம்மாவே கையெடுத்துக் கும்பிட்டு "ஐயா, பிள்ளைகளுக்கு ஒரு கொறையும் வரக்கூடாது"ன்னு நிப்பா. காலைல அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த அதே பெரியம்மாதான். ஒரு வருஷம் என்னைப் பாத்து நேரா வந்து நெத்தி நெறைய திருநீறைப் பூசி "என்னலே, மெட்ராஸ்ல போயி ஒக்காந்துட்டா ஒனக்கு நான் இல்லன்னு நெனைச்சியோ, ஒன் வாசப்படியில காவலுக்கு கிடக்கேம்லா"ன்னு சொன்னாரு. எனக்கு வேலை போயிருந்த நேரம், வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. இதை வச்சு சாமி உண்டு இல்லன்னு நான் யார்கிட்டயும் வாதம் பண்ண வரல. அந்த நேரத்துல அந்த வார்த்தையை பெரியப்பா சொல்லியிருந்தா ஆறுதல், சொடலை சொன்னதால அது வேற.

பொம்பளைங்களுக்கும் வரும், அத்தைக்கு பேச்சி வருவா, அவ வர்ற நேரம் ஆம்பளை சாமியெல்லாம் கொஞ்சம் அடங்கித்தான் நிக்கணும். கணியான் சமூகத்துக்காரங்க ஆடுற கணியான் கூத்து வச்சா கொடையோட நெறமே மாறிடும். அண்ணாவி பாடுவாரு, ரெண்டு பேரு பொம்பளை வேஷம் கட்டி ஆடுவாங்க, ரெண்டு பேரு மகுடம்ங்கிற மேளம் அடிப்பாங்க, ஒண்ணு உச்சம் ஒண்ணு மந்தம். நடுச்சாமத்துல கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிற கைவெட்டு உண்டு. சுடலைக்கு மயானக் கொடைன்னா கணியான் இல்லாம கிடையாதுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. இன்னைக்கு கணியான் கூத்து ஆடுற குடும்பங்க ரொம்ப கொறஞ்சு போச்சு, கொடைக்கு கூப்பிடுற ஊர்லயும் கூலியைப் பேசுற விதம் சரியில்ல, லைட்டு செட்டுக்காரனுக்கு பேரம் பேசாம கொடுக்கிறவங்க இவங்ககிட்ட வந்து ஐநூறு ரூபாய்க்கு இழுப்பாங்க.

அப்புறம் வேட்டை. சாமக்கொடை முடிஞ்சு சொடலை தீப்பந்தத்தோட சுடுகாட்டுக்குப் போவாரு, ஊர்ல தெருவிளக்கை அணைச்சிருவாங்க, யாரும் எதுக்க வரக்கூடாது. திரும்பி வரும்போது கையில எலும்பு இருக்கும்னு எங்களைப் பயமுறுத்துவாங்க. நான் ஒரு தடவை ஜன்னல் இடுக்குல பாத்தேன், தெரிஞ்சது பந்தத்து வெளிச்சம் மட்டும்தான், அதுவும் ரொம்ப வேகமா போச்சு.

இப்போ மத்த ஊர் சாமிகளையும் கொஞ்சம் பாருங்களேன். அழகர்கோயில்ல பதினெட்டாம்படிக் கருப்பன், மதுரைச் சீமையே பயந்து சத்தியம் பண்ற சாமி, அவருக்கு சிலையே கிடையாது, பூட்டுன கதவுதான் சாமி, அந்தக் கதவுக்குத்தான் சந்தனம், மாலை, எல்லாம். பாபநாசத்துக்கு மேல காரையாறுல சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயனுக்கு காணிக்கை செருப்பு. பிராமணப் பையன் முத்துப்பட்டன், செருப்பு தைக்கிற குடும்பத்துல பொம்மக்கா, திம்மக்கான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் கட்டணும்னு பூணூலை அறுத்துப் போட்டு மாமனார் சொன்ன வேலையெல்லாம் செஞ்சு, கடைசியில மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டு செத்தான், அவன்தான் பட்டவராயன். கட்டித் தொங்கவிட்ட செருப்பு அடுத்த ஆடி அமாவாசைக்குள்ள தேஞ்சு போயிருக்கும்னு சொல்லுவாங்க, ராத்திரியில போட்டு நடக்காராம். கற்குவேல் அய்யனாருக்கு எங்க தேரியிலயே கார்த்திகையில கள்ளர்வெட்டு, கள்ளனுக்குப் பதிலா இளநீரை வெட்டுவாங்க, வெட்டுன தண்ணி பட்ட செம்மண்ணை அள்ள ஒரு கூட்டம் பாயும் பாருங்க, அந்த மண்ணுதான் வீட்டுக்கும் வயலுக்கும் காவல்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் போனா சிலை பெருசுதான், ஆனா அங்கயும் பெருசா இருக்கிறது குதிரை. அறந்தாங்கிப் பக்கம் குளமங்கலத்துல பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 33 அடின்னு சொல்லுவாங்க, மாசி மகத்துக்கு லாரி லாரியா காகிதப்பூ மாலை வந்து விழும். அது காரையில கட்டுனது, அப்படியே நிக்கும். எனக்குப் பிடிச்சது அது இல்ல, மண்ணுக் குதிரை. புரவி எடுப்புன்னு ஊர் முடிவு பண்ணுச்சுன்னா கண்மாய்ல இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில கொடுப்பாங்க, அதுதான் உத்தரவு. வேளார்னா சட்டி பானை செய்யிறவங்க மட்டுமில்ல, பல ஊர்ல அய்யனாருக்குப் பூசாரியும் அவங்கதான். களிமண்ணுல மணலும் உமியும் கலந்து மிதிச்சு, மொதல்ல நாலு காலையும் உள்ளே கூடா உருட்டி நிக்க வச்சு காயவிட்டு, அதுமேல வயிறை வளையம் வளையமா ஏத்திக்கிட்டே போவாங்க, ஈரமா இருந்தா காலு தாங்காது, ரொம்ப காஞ்சிருந்தா மண்ணு ஒட்டாது, அதனால ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு கணக்கு. தலையை தனியா செஞ்சு கடைசியில வைப்பாங்க. அப்புறம் வைக்கோலும் விறகும் எருவும் அடுக்கி மேல சேறு பூசி மூட்டம் போட்டு சுடுவாங்க. அந்த வரைக்கும் அது வெறும் மண்ணு. விழாவன்னைக்கு கண்ணு திறந்தாத்தான் புரவி. தோள்ல தூக்கிக்கிட்டு ஊரே கோயிலுக்கு ஓடும், கொண்டு போய் நிறுத்திட்டு வந்துருவாங்க. அதோட சரி. யாரும் மறுபடி பெயின்ட் அடிக்க மாட்டாங்க, மழையில காது உதிரும், காலு போகும், அடுத்த எடுப்புக்கு அதுக்குப் பக்கத்துலயே புதுசு வந்து நிக்கும். இதை மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும், தப்புன்னு சொல்லல, ஆனா அது உதிர்றதுக்குத்தான் செஞ்சது.

கொஞ்ச வருஷம் முன்னாடி கன்னடப் படம் ஒண்ணு வந்து ஊரெல்லாம் மங்களூர்ப் பக்கத்துத் துளுநாட்டுல பூதம் வந்து ஆடுற பூதகோலாவைப் பத்தியே பேச்சா இருந்துச்சு, ஆபீஸ்ல பசங்க "உங்க ஊர்லயும் இப்படி உண்டாமே"ன்னு கேட்டாங்க. உண்டு, ஆனா ஒரு வித்தியாசம். துளுநாட்டுல பூதத்தை வச்சிருக்கிற குடும்பம் வேற, ஆடுறவங்க வேற, நலிகே, பம்பதன்னு அதுக்குன்னே உள்ள சமூகங்கள்தான் வேஷம் கட்டுவாங்க, நேமம்னு சொல்ற அந்த ஆட்டம் முடிஞ்சு வேஷத்தைக் கலைச்சா அந்த வீட்டு நடுக்கூடத்துல ஒக்கார முடியுமான்றது வேற கேள்வி. வடக்கு மலபார்ல தெய்யமும் அப்படித்தான், மூஞ்சியெழுத்து முடிஞ்சு முடின்னு சொல்ற கிரீடத்தை வச்சதும் கையில ஒரு கண்ணாடியைக் கொடுப்பாங்க, அதுல தன் முகத்தைப் பாத்த அப்புறம்தான் அவன் தெய்வம். எங்க பக்கம் பெரும்பாலும் கும்பிடுற குடும்பத்துலயே ஒருத்தருக்குத்தான் வரும், மேக்கப் எல்லாம் கிடையாது, திருநீறும் மஞ்சணையும்தான். ஆனா மூணு இடத்துலயும் சாமிக்கு மூஞ்சி கொடுக்கிறது ஒரு மனுசன்தான், கல்லு இல்ல.

இவ்ளோ தூரம் நான் நீட்டுறதுக்கு காரணம் எங்க குடும்ப வாட்சப் குரூப்பு. மும்பையில இருக்கிற சித்தப்பா மவன் ஒரு போட்டோ போட்டான், சிமெண்டுல ஆளுயர சுடலை, முறுக்குன மீசை, நீல கலர் உடம்பு, தங்க கலர் கிரீடம், கையில வீச்சரிவாள், பின்னாடி டைல்ஸு. செலவு பூரா அவன் ஏத்துக்கிடுவான், பூடத்தை இடிச்சுட்டு இதை வச்சு ஐயரைக் கூப்பிட்டு கும்பாபிஷேகம் பண்ணிரலாம்னான். அரை மணி நேரத்துல கும்பிடு எமோஜியா வந்து விழுது. நான் மட்டும் வேண்டாம்னு போட்டேன். அப்புறம் எனக்கு தனியா போன் மேல போன்.

அவன் சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்ல. "அண்ணே, எம்பிள்ளைய அங்க கூட்டிட்டு வந்தா சாமி எங்கப்பான்னு கேக்குது, நான் செங்கலைக் காட்டவா"ன்னு கேட்டான். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணும் இருக்கு, அவன் வாயைத் திறந்து சொல்லல, நம்ம சாமியை நாலு பேரு மதிக்கணும்ங்கிற ஆசை. மத்தவன் கோயில் கோபுரத்தோட நிக்கும்போது நம்மளுது சாராயமும் சுருட்டும் கிடாவெட்டுமா இருக்கேன்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை நமக்கு கொடுத்தது யாருன்னு பாக்கணும்ல. 1950-ல போட்ட பலி தடைச் சட்டம் சும்மா தூங்கிக்கிட்டு கிடந்துச்சு, 2003-ல திடீர்னு அதை எடுத்து அமல்படுத்துறோம்னு அரசாங்கம் சொன்னப்போ கொடை வச்ச ஊருங்கள்ல போலீஸ் வந்து நிக்கும்னு பேச்சு, கிடா நேர்ந்தவங்க பூசணிக்காயை வச்சு முழிச்சாங்க. ஜனங்க கோவத்தைப் பாத்துட்டு 2004-ல அந்தச் சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. சட்டம் போச்சு, கூச்சம் போகல. இப்போ எவனும் வந்து தடுக்க வேண்டாம், நாமளே கிடாவை நிறுத்தி, சுருட்டை ஒளிச்சு, பூடத்துக்கு டைல்ஸ் ஒட்டிக்கிடுவோம்.

நான் அவன்கிட்ட சொன்னது வேற. எனக்கு சொடலைன்னு நெனைச்சதும் மனசுல வர்றது தாத்தா மூஞ்சி, பெரியப்பாவுக்கு முன்னாடி அவர்தான் ஆடினாரு, பொக்கை வாயி, அம்மைத் தழும்பு. அப்பாவுக்கு அவங்க தாத்தா மூஞ்சி. என் மவளுக்கு பெரியப்பா மூஞ்சி. நாளைக்கு யாருக்கு வரும்னு தெரியாது, கல்யாணத்துல பந்தியில எலை போடுற நம்ம முருகேசனுக்கு கூட வரலாம். சிமெண்டுல ஒரு மீசையை ஒட்டி வச்சுட்டா அதுக்கப்புறம் எல்லாருக்கும் அந்த ஒரு மூஞ்சிதான், அதுவும் நம்ம குடும்பத்துல எவனுக்கும் இல்லாத சினிமா மூஞ்சி. அந்தச் சிலைக்கு எதுக்க பெரியப்பா எந்திச்சு ஆடினா அவரு சொடலை மாதிரி வேஷம் போட்ட ஆளாத்தான் தெரிவாரு. அவன் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "நீ எழுதுறவன், எதையாவது சொல்லி மயக்கிருவ"ன்னான்.

பெரியப்பாகிட்ட கேட்டா அவரு ரெண்டு பக்கமும் சேரல. "சொடலை வேண்டாம்னா வேண்டாம்பாரு, கொடையில கேட்டுக்கிடுங்க"ன்னு முடிச்சுட்டாரு. இதைவிட புத்திசாலித்தனமா ஒரு தீர்ப்பை எந்த கமிட்டியும் சொல்லாது, ஏன்னா கேட்டா பதில் சொல்லப் போறதும் அவர் வாயிதான்.

இப்போதைக்கு முடிவு என்னன்னா, சிலையை கோயிலுக்கு வெளிய ரோட்டோரம் ஆர்ச்சு மேல வச்சுக்கிடலாம், பூடத்தைத் தொடக்கூடாது. பேச்சி பூடம் ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கு, அதை சிமெண்டு வைக்காம பழையபடி சுண்ணாம்பு அரைச்சு பூசணும்னு ஒரு கூட்டம் நிக்குது, நானும் அதுலதான். ஆனா சுண்ணாம்பைப் புளிக்க வச்சு கடுக்காய்த் தண்ணி ஊத்தி அரைக்கத் தெரிஞ்ச கொத்தனார் பக்கத்துல யாரும் சிக்கல, காரைக்குடிப் பக்கம் ஆள் இருக்காங்கன்னு சொல்றாங்க, விசாரிச்சுக்கிட்டு இருக்கோம். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கொடைக்கு வாங்குற தலைக்கட்டு வரி இந்த வாட்டி 3000 ரூபா, அதுக்கு தனியா ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. கொடை சித்திரை கடைசி வெள்ளி.